மயிலம் ரோட்டுக் கணினி

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில் சேதராப்பட்டு தொழிற்பேட்டை இருக்கிறது. எச்.சி.எல்., ஏசர் நிறுவனங்களின் கணினிகள் பூட்டப்பட்ட இடம் அது. உதிரி பாகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. அவற்றைக் கோத்து, சோதித்து, அட்டைப்பெட்டியில் அடைத்தது நம் பக்கத்துக் கைகள். அதே சாலையில் மேலே போனால் மயிலம். முருகன் கோயிலுக்குப் பேர்போன அந்த ஊரில்தான் விழுப்புரம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், எல்லோரும் சொல்கிற ‘டயட்’, அமைந்தது. கணினி பூட்டிய இடத்துக்கும் ஆசிரியரைப் பழக்கும் இடத்துக்கும் இடையே பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் அந்தக் கணினி ஆசிரியர் கைக்குப் பழகி வர ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

அதன் முன்னோடி 1984-இல் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது. மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்து இறங்கின. பிறகு தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி தனிப் பாடமானது, அதற்கென்று தனி அறை, தனி ஆசிரியர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வரலாற்று ஆசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் அந்த அறையில் வேலை இல்லை. கணினி ‘படிக்க வேண்டிய பொருள்’ ஆயிற்றே தவிர, மற்றதைப் படிப்பிக்கிற கருவி ஆகவில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாகக் கொள்முதல் செய்ய, பிளஸ் டூ பிள்ளைகளின் வீட்டுக்கே கணினி போனது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த முதல் ஆண்டில் மடிக்கணினி வாங்கிய திண்டிவனம் மாணவி, ஊரிலேயே திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியில் பட்டம் முடித்தால் வருடம் 2015. அந்த ஆண்டில்தான் ஓராண்டு பி.எட். இரண்டாண்டுப் படிப்பாக மாறியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த விதிகளின்படி பள்ளியில் 20 வாரக் கற்பித்தல் பயிற்சி கட்டாயம். தகவல் தொழில்நுட்பத்தை வகுப்பறையில் கையாளுவதும் பாடத்திட்டத்துக்குள் வந்தது. சொந்தக் கணினியோடு ஆசிரியர் பயிற்சிக்கு வந்த முதல் தலைமுறை இதுதான்.

ஆனால் அந்தக் கணினியை வைத்து என்ன செய்வது? பெரும்பாலும் பவர்பாயிண்ட் செய்தார்கள். பாடப் புத்தகத்துப் பத்தியை அப்படியே அடித்து, பக்கத்துக்கு ஒரு பூப்படம் ஒட்டி, ரெக்கார்டு நோட்டோடு சிடியில் கொடுத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். வம்பு அதைப் பள்ளியில் திறக்கும்போதுதான். பிரவுசிங் சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. பள்ளிக் கணினியில் பாமினி இருக்காது. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் கூடவே ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். நாற்பது பிள்ளைகள் காத்திருக்க, பயிற்சி ஆசிரியை சாக்பீஸைக் கையில் எடுப்பார். தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது 1999-இல்; யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். வழி இருந்தது. யூனிகோடில் அடித்தால் எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் என்பதைப் பயிற்சிக் கல்லூரியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அதன் பின் கணினி பல உருவம் எடுத்தது. 2018-இல் பாடநூலுக்குள் க்யூஆர் கோடாகப் புகுந்தது. அடுத்து ஹைடெக் லேப் என்ற பெயரில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போனது. உயர்நிலைக்கு 10, மேல்நிலைக்கு 20 கணினி என்பது கணக்கு. கொரோனாவில் கைபேசியாகச் சுருங்கியது. தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருவுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில். பட்டம் வாங்கி வேலைக்குக் காத்திருந்தவர்கள் பலர் அதில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். தெருத் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கைபேசியில் ஒரு பாட்டுப் போட்டு, நிறுத்தி, கேள்வி கேட்டு, மறுபடி போட்டார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் கணினிவழிக் கற்பித்தலில் பாதி வித்தை. அதைப் பலர் திண்ணையில் கற்றுக்கொண்டார்கள்.

பிறகு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கைக்கணினி வழங்கியது. இன்று ஆசிரியர்களிடம் பேசினால் முதலில் வருகிற சொல் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளமான எமிஸ்: வருகைப் பதிவு, மதிப்பெண் பதிவு, நலத்திட்டப் பதிவு. படிப்பிக்க வந்த கருவி பதிவேடாகிவிட்டது என்ற அவர்கள் புலம்பலில் நியாயம் உண்டு.

இந்தப் பயணத்தில் பொருளுக்குக் குறை வந்ததில்லை. ஆட்சிகள் மாறியும் கணினி வந்துகொண்டேதான் இருக்கிறது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டில் கணினி என்று 2025-26 பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள். குறை பயிற்சியில் இருக்கிறது. எந்த பட்டனை அழுத்துவது என்பது மாணவருக்கே தெரியும். பின்னத்தைக் கரும்பலகையில் சொன்னால் போதுமா, நிலநடுக்கத்துக்கு மட்டும் வீடியோ வேண்டுமா, கரண்ட் போனால் அடுத்து என்ன என்று முடிவெடுக்கத் தெரிந்தவரே ஆசிரியர்.

ஆகவே பயிற்சிக் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சிடிக்கும் பிரிண்ட் அவுட்டுக்கும் மதிப்பெண் போடுவதை விடுங்கள். 20 வாரப் பயிற்சியில் ஒவ்வொருவரும் பக்கத்து அரசுப் பள்ளியின் ஹைடெக் லேபில் நாலு பாடமாவது நடத்தட்டும். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுங்கள். இதற்குப் புதிதாக ஒரு கணினிகூட வாங்க வேண்டாம்.