ஜேவாக்கரும் தானா ஓடற காரும்

ஆங்கிலத்துல 'ஜேவாக்கர்'னு ஒரு வார்த்தை இருக்கு. கண்ட இடத்துல ரோட்டைக் கடக்கிற ஆளுக்குப் பேரு அது. இப்ப சாதாரணமா சொல்லிட்டுப் போறாங்க. ஆனா பொறந்தப்ப அது சுத்தமான வசவு. நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் 'ஜே'ன்னா பட்டிக்காட்டான். டவுனுக்கு வந்து ரோட்டுல நடக்கத் தெரியாம முழிக்கிறவன்.

கார் வர்றதுக்கு முன்னாடி அங்கேயும் தெரு எல்லாருக்கும் பொதுதான். பெரியவங்க நடப்பாங்க, பிள்ளைங்க விளையாடும், தள்ளுவண்டிக்காரர் நடுவுல நிப்பார். கார் பெருகி சாவும் பெருகினப்போ ஜனங்களோட கோபம் கார் மேலதான் திரும்பிச்சு. 1923ல் சின்சினாட்டி நகரத்தில் 40,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தாங்க. ஊருக்குள்ள எந்தக் காரும் 25 மைல் வேகத்துக்கு மேல போக முடியாதபடி ஒரு கருவி பொருத்தணுமாம். (நம்ம ஊர்ல பஸ், லாரிக்கு வைக்கிற ஸ்பீடு கவர்னர் மாதிரியேதான்!) கார் வியாபாரிகள் பதறிப்போய் எதிர்ப்பிரச்சாரம் பண்ணி, ஓட்டெடுப்பில் அதைத் தோற்கடிச்சாங்க.

அந்த பயத்துக்கு அப்புறம் கார் தொழில்காரங்க பேச்சையே திருப்பிட்டாங்க. பிரச்சினை காரோட வேகத்தில் இல்லையாம், பாத்து நடக்காத ஆளுங்க கிட்டதானாம். 'ஜேவாக்கர்' பட்டத்தை ஊரெல்லாம் பரப்பினதுல அவங்க பங்கு பெருசு. நடக்கிறவங்களைக் கட்டுப்படுத்தி 1925ல் லாஸ் ஏஞ்சலஸ் போட்ட போக்குவரத்துச் சட்டம் மத்த நகரங்களுக்கும் மாதிரியாச்சு. பீட்டர் நார்ட்டன்ங்கிற வரலாற்றாசிரியர் 2008ல் இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்கார்.

இந்தப் பழங்கதை எதுக்குன்னு கேக்கறீங்களா? 2018க்கு வாங்க.

மார்ச் 18, ராத்திரி பத்து மணி வாக்கில், அரிசோனா மாநிலம் டெம்பி நகரம். ஊபர் கம்பெனியோட சோதனைக் கார் ஒண்ணு, வால்வோ எக்ஸ்சி90, தானா ஓடிக்கிட்டு இருக்கு. 49 வயசுப் பெண் ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டைக் கடக்கிறார். கார் மோதி இறந்துபோனார். தானா ஓடற கார் மோதி ரோட்டில் நடந்தவர் இறந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

கார் அவரைப் பாக்கலையா? பாத்திருக்கு, மோதறதுக்கு 5.6 விநாடி முன்னாடியே! ஆனா யாருன்னுதான் தெரியல. வண்டின்னு நினைச்சது, ஏதோ ஒரு பொருள்னு நினைச்சது, சைக்கிள்னு நினைச்சது. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் அதுவரைக்கும் அவர் எப்படி நகர்ந்தார்ங்கிற கணக்கை அழிச்சிட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கு. பிரேக் போட வேண்டிய நேரம் வந்தப்பவும் ஒரு விநாடி சும்மா இருந்திருக்கு. வீணா பிரேக் அடிச்சு உலுக்கக் கூடாதுன்னு அப்படி எழுதி வச்சிருந்தாங்க. வால்வோ காரோட சொந்த தானியங்கி பிரேக்கையும் அணைச்சு வச்சிருந்தாங்க.

அமெரிக்க தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019ல் கொடுத்த அறிக்கையில் என்னை உலுக்கினது வேற ஒரு விஷயம். கிராசிங் இல்லாத இடத்தில் மனுஷங்க ரோட்டைக் கடப்பாங்கங்கிற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லையாம். 1925ல் சட்டப் புத்தகத்தில் ஏறின ஜேவாக்கர், 2018ல் கார் கண்ணுக்கு மனுஷராவே தெரியல. சட்டப்படி அவர் அங்க நடக்கக் கூடாதுதான். அதுக்காக நடக்கவே மாட்டார்னு எழுதிடலாமா?

காரில் கண்காணிக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர் ரோட்டைப் பாக்காம செல்போனில் நிகழ்ச்சி பாத்துக்கிட்டு இருந்தார்னு அறிக்கை சொல்லுது. தப்புதான், மறுக்கல. ஆனா முன்னாடி ரெண்டு பேர் உட்கார்ந்த காரில் 2017ல் ஒருத்தரைக் குறைச்சது கம்பெனி. தனி பர்மிட் எதுவும் வேண்டாம், வாங்கன்னு சோதனைக் கார்களைக் கூப்பிட்டது மாநில அரசு. 2019ல் கம்பெனி மேல குற்ற வழக்கு கிடையாதுன்னு அரசு வக்கீல் சொல்லிட்டார். அந்தப் பெண் 2023ல் குற்றத்தை ஒத்துக்கிட்டார். மூணு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு.

ஊபர் அந்த மென்பொருளைத் திருத்திச்சு. 2020 கடைசியில் அந்தப் பிரிவையே வேற கம்பெனிக்கு வித்துட்டது.

விபத்து நடந்த இடத்தில் ரோட்டு நடுவே இருக்கிற மீடியனில், நடக்கிறதுக்காகவே போட்ட மாதிரி அழகா ஒரு செங்கல் பாதை இருந்தது. அதோட ஓரத்திலேயே, இங்க கடக்காதீங்க, கிராசிங்குக்குப் போங்கன்னு போர்டு. கிராசிங் 360 அடி தள்ளி. விபத்துக்கு அப்புறம் நகராட்சி அந்தப் பாதையை எடுத்துட்டது.