வாசகர் பணமும் போர்க்காலப் பத்திரிகையும்: ஐ. எவ். ஸ்ரோன் வார இதழ் பற்றிய சில குறிப்புகள்

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தணிக்கைச் சட்டங்களையே மையமாகக் கொண்டு நிகழ்வன. அச்சுக்கூலியை யார் கொடுக்கின்றனர் என்னும் வினா அத்துணை அழுத்தம் பெறுவதில்லை. அவ்வினாவை முதன்மைப்படுத்தி, ஐக்கிய அமெரிக்காவில் 1953 முதல் 1971 வரை வெளிவந்த ஐ. எவ். ஸ்ரோனின் வார இதழை நாம் ஈண்டு நோக்குவோம்.

கொரிய யுத்தம் முடிவுறாத காலம். மக்கார்த்தியின் வேட்டை உச்சம் பெற்றிருந்த காலம். ஸ்ரோன் பணியாற்றிய 'டெயிலி கொம்பஸ்' நாளிதழ் 1952 நவம்பரில் மூடப்பட்டது. வேறெந்தப் பத்திரிகையும் அவரை ஏற்க முன்வராத நிலையில், மறைந்துபோன இடதுசாரி ஏடுகளின் சந்தாதாரர் பட்டியல்களைக் கொண்டு அவர் 1953 ஜனவரியில் நான்கு பக்க இதழொன்றைத் தொடங்கினார். தொடக்கச் சந்தாதாரர் ஏறத்தாழ 5,300 பேர். ஆண்டுச் சந்தா 5 டொலர். நிர்வாகத்தை அவர் மனைவி எஸ்தர் கவனித்தார். மலிவான அஞ்சற் கட்டண வசதியை அரசின் தபாற்றிணைக்களமே வழங்கியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அரசை எதிர்த்த ஏடு அரசின் அஞ்சற்பையிலேயே பயணஞ் செய்தது!

செவிப்புலன் குன்றிய ஸ்ரோனுக்குப் பத்திரிகையாளர் மாநாடுகளால் அதிக பயன் இருக்கவில்லை. எனவே அரசாங்க ஆவணங்களையே அவர் நுணுகி வாசித்தார். 1965 பெப்ரவரியில், தென் வியட்நாமியக் கிளர்ச்சி வடக்கிலிருந்து ஏவப்பட்டதே என நிறுவும் பொருட்டு இராஜாங்கத் திணைக்களம் வெள்ளை அறிக்கையொன்றை வெளியிட்டது. அதன் பின்னிணைப்பில் கம்யூனிஸ நாடுகளில் உற்பத்தியானவையெனப் பட்டியலிடப்பட்ட ஆயுதங்கள் 179 மட்டுமே. 1962 தொடக்கம் 1964 வரை கெரில்லாக்களிடமிருந்து கைப்பற்றப்பட்டவையோ பென்ரகன் கணக்கின்படி 15,100. நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அதே காலத்தில் கெரில்லாக்கள் எதிர்த்தரப்பிடமிருந்து கைப்பற்றியவை 27,400. போரின் நியாயத்தை அரசின் எண்களே குலைத்தன. இவ்வெண்கள் இரகசியமானவையல்ல என்பதே எமக்கு முக்கியமாகப் படுகின்றது; அவற்றை ஒன்றோடொன்று வைத்து நோக்கும் ஓய்வும் துணிவும் பெரும் பத்திரிகைகளுக்கு இருக்கவில்லை.

எனினும், வாசகர் பணமே சுதந்திரத்தின் உத்தரவாதம் என முடிவு செய்தல் அவசரமாகும். 1912இல் 'பிராவ்தா'வின் நிதியை ஆராய்ந்த லெனின், திரண்ட தொகையைக் காட்டிலும் பணந்திரட்டிய தொழிலாளர் குழுக்களின் எண்ணிக்கையையே முதன்மையாகக் கணக்கிட்டார்; அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் அவை 504. அங்கு பணம் அமைப்பின் வெளிப்பாடு. ஸ்ரோனின் வாசகரோ அஞ்சல்வழி மட்டும் இணைந்த, பெரும்பாலும் மத்தியதர வர்க்கப் படிப்பாளிகளான, சிதறிய தனிமனிதர்.

அவ்வாசகரும் ஒருவகை உடைமையாளரே. 1956இல் சோவியத் யூனியனுக்குச் சென்று திரும்பிய ஸ்ரோன், அங்கு கண்ட அடக்குமுறையை ஒளிவுமறைவின்றி எழுதினார். சந்தாதாரர் பலர் விலகினர். முற்போக்காளராகிய நாம் இந்நிகழ்ச்சியை மேலோட்டமாகக் கடந்துவிடுதல் நேர்மையாகாது. விளம்பரதாரர் விலகுவதாகப் பயமுறுத்தினால் அதனை மூலதனத்தின் தணிக்கை என்கிறோம். எம்மைப் போன்றோர் சந்தாவை நிறுத்தியபோது அதற்கு என்ன பெயர் இடுவது? ஸ்ரோன் எழுதியதை மீளப் பெறவில்லை. இழப்பைத் தாங்கி இதழ் தொடர்ந்தது. வியட்நாம் எதிர்ப்பியக்கம் வளர வளர வாசகரும் பெருகினர். 1971 டிசெம்பரில் அது நிறுத்தப்பட்டபோது சந்தாதாரர் தொகை ஏறத்தாழ 70,000.