விட்டுப் புடி!

பொங்கலுக்கு ராசிபுரம் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கிற அக்கா பையன் யூட்யூப்ல அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்துக்கிட்டு இருந்தான். "மாமா, இங்க பாருங்க, தடுக்க வேண்டியவனுங்களே எதிராளிய உள்ள விட்டுட்டானுங்க. லூசுப் பசங்க"ன்னான். எட்டிப் பார்க்கிறதுக்குள்ள அந்த லூசுப் பசங்க 20 கஜம் முன்னேறிட்டாங்க :-)

இதுக்குப் பேரு ஸ்கிரீன் பாஸ். கொஞ்சம் பழைய கதை சொல்றேன், கேளுங்க மக்களே.

ஆரம்பத்தில் இந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் வீசக் கூடாது. கும்பலாக மோதித்தான் நகரணும். 1905 சீசனில் மட்டும் 18 பேருக்குக் குறையாமல் செத்துப் போனார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். 1906ல் முன்னால் வீசலாம் என்று விதி மாறியது. அப்புறம் வீசுறவனை அமுக்க எதிராளி பாய்ந்து வருவான் இல்லையா? அந்தப் பாய்ச்சலையே அவனுக்கு எதிராகத் திருப்பினது இல்லினாய் பல்கலைக்கழக கோச் பாப் ஸப்கி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1913 முதல் 1941 வரை அங்கே இருந்தவர்.

விஷயம் இவ்வளவுதான். முன்வரிசை ஆளுங்க ரெண்டு எண்ணுற வரைக்கும் நிஜமாவே முட்டித் தடுக்கணும். அப்புறம் தோத்த மாதிரி விட்டுடணும். பாய்ஞ்சு வர்றவங்க தலைக்கு மேல குவார்ட்டர்பேக் சின்னதா ஒரு வீச்சு. ஓரமா ஒதுங்கி நிக்கிற ஓட்டக்காரன் வாங்கிக்குவான். விட்டவங்களே அதுக்குள்ள அவன் முன்னால திரை கட்டி நிப்பாங்க.

பசங்களுக்குச் சொல்லித் தர்றதுதான் கஷ்டம். சீக்கிரம் விட்டா வீசுறவன் நசுங்குவான். லேட்டா விட்டா திரை இருக்காது. ஓட்டக்காரன் பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஓடப் பார்ப்பான். அதனால எதிராளி இல்லாம, நடந்தபடி, வாய்விட்டு எண்ணிப் பழகணும். அப்புறம் பாதி வேகம். கடைசியிலதான் மோதல்.

இதைப் பார்த்ததும் எனக்கு எங்க சித்தப்பா ஞாபகம் வந்துடுச்சு. கடலை பறிச்ச காட்டுல கோடு கிழிச்சு எங்களுக்குச் சடுகுடு சொல்லிக் குடுத்தவர். பாடி வர்றவனை முன்னாலயே மறிக்காதே, ஓரத்து ஆள் பின்வாங்கு, அவன் ஆழமா வரட்டும், காலைப் புடிச்சதும் மத்தவங்க மூடுங்க. "விடுறா... விட்டுப் புடிடா!"ம்பார். இன்னிக்கு போனஸ் கோடு இருக்கிறதால தூண்டில் போடுறது இன்னும் சுலபம்.

எலைட் ஃபுட்பால் லீக்னு அந்த அமெரிக்க ஆட்டத்தை 2011ல இந்தியாவுக்கே கொண்டு வந்தாங்க. மைக் டிட்கா, கர்ட் வார்னர் மாதிரி பெரிய தலைகள் பின்னால இருந்தும் அது இங்கே வேர் பிடிக்கலை. நம்ம சடுகுடுவோ 1936ல பெர்லின் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டம், 1990ல பெய்ஜிங் ஆசியப் போட்டியில் பதக்க ஆட்டம், 2014ல புரோ கபடி. எல்லாம் சரி. ஆனா ஸப்கி 1922லயே தன் நுணுக்கத்தைப் புத்தகமாப் போட்டுட்டார். சித்தப்பாவோட எண்ணிக்கை அவரோடயே போயிடுச்சு. அக்கா பையன் படிக்கிற ஹாஸ்டல் பள்ளியில பி.டி. பீரியட்ல கணக்கு டெஸ்ட் வைக்கிறாங்களாம்.

அன்னிக்குச் சாயங்காலம் அதே காட்டுல ஏழெட்டுப் பசங்களைச் சேர்த்து நடந்தபடியே எண்ண வெச்சேன். நம்ம ஆள் ரெண்டு தடவை அவசரப்பட்டுப் பாய்ஞ்சு கோட்டை விட்டான். மூணாவது தடவை பொறுத்தான். புடிச்சுட்டான். "மாமா, நாமளும் லூசுப் பசங்கதான்"ன்னு ஒரே சிரிப்பு.

உங்க ஊர்லயும் யாராச்சும் பெருசு இருப்பாங்க. கேட்டு எழுதி வெச்சுடுங்க, ப்ளீஸ்.