தில்லியின் தாஸ்தான்கோக்கள்: கதையை முடிக்காமல் பிழைத்தவர்கள்

தாஸ்தான்கோ என்பவர் நெடுங்கதை சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவர். பாரசீகத்தில் பிறந்து, முகலாயர் காலத்தில் ஆக்ராவிலும் தில்லியிலும் வேர்விட்டு, பின்னர் உருதுக்கு மாறிய இந்தத் தொழிலில் வாத்தியம் கிடையாது, வேடம் கிடையாது, பின்பாட்டுக்காரரும் கிடையாது. கதாகாலட்சேபத்துக்குச் சிப்ளாக்கட்டையும் வில்லுப்பாட்டுக்குக் குடமும் உடுக்கையும் துணை. தாஸ்தான்கோவுக்கோ உட்கார ஓர் ஆசனம், நல்ல தொண்டை, அசராத நினைவாற்றல், அவ்வளவுதான் மூலதனம். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவது இவர்களுக்குச் சுலபம். புரவலர் கை சுருங்கினால் அடுத்த ஊர், அடுத்த நவாப். தில்லி, லக்னோ, ராம்பூர், ஹைதராபாத், பாட்டியாலா என்று இவர்கள் போன வழியைத் தொடர்ந்து பார்த்தால், எந்த அரண்மனையில் எப்போது பணம் இருந்தது என்பது தெரிந்துவிடும்.

இவர்கள் சொன்ன கதைகளில் தலையாயது அமீர் ஹம்ஸாவின் கதை. ஹம்ஸா நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை. 625இல் உஹது போரில் கொல்லப்பட்டவர். வரலாற்றில் அவரைப் பற்றி உள்ள செய்தி சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். கதைசொல்லிகளின் ஹம்ஸாவோ பாரசீகப் பேரரசன் நவ்ஷேர்வானின் அவைக்குப் போகிறார், அவன் மகளைக் காதலிக்கிறார், சரந்தீபு என்ற இலங்கை வரை வந்து லந்தௌர் என்ற ராட்சத உடம்புக்காரனை அடக்கித் தோழனாக்கிக்கொள்கிறார், பரிகளும் ஜின்களும் வாழும் காஃப் மலைக்குப் பதினெட்டு நாளில் திரும்புவதாகச் சொல்லிப் புறப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் சிக்கிக்கொள்கிறார். அந்தப் பதினெட்டு நாள் பதினெட்டு ஆண்டான இடத்தில்தான் கதைசொல்லிகளின் சோறு இருந்தது. நடுவில் எத்தனை அரக்கர்களை வேண்டுமானாலும் நுழைக்கலாம், எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

வீரன் ஹம்ஸாதான் என்றாலும் கூட்டம் காத்திருந்தது அவருடைய தோழன் அமர் அய்யாருக்காக. ஓட்டத்தில் காற்று, வேடம் போடுவதில் மன்னன், காசு விஷயத்தில் மகா கருமி. உலகத்தையே உள்ளே போட்டாலும் நிரம்பாத ஸம்பீல் என்ற பை ஒன்று அவனிடம் உண்டு. வாளால் ஆகாததைத் தந்திரத்தால் முடிப்பவன் எல்லா நாட்டுக் கதைகளிலும் இருக்கிறான். மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களிடையே அந்த வேலையை இஜாபா என்ற ஆமை செய்கிறது. அங்கே கதைசொல்லி ‘ஆலோ’ என்று குரல் கொடுத்ததும் கூட்டம் பதில் குரல் கொடுக்கும். அதன் பிறகுதான் கதை தொடங்கும். நம்மூர் வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுபவர் செய்யும் காரியம் அங்கே கூட்டத்தின் பொறுப்பு. தாஸ்தான் சபையில் ‘வாஹ் வாஹ்’, ‘சுப்ஹானல்லா’ என்ற பாராட்டுகள் அந்த இடத்தை நிரப்பின.

ஹம்ஸா கதை கடலும் தாண்டியது. மலாய் மொழியில் அது ஹிக்காயத் அமீர் ஹம்ஸாவாக இருக்கிறது. ஜாவாவில் மரப்பொம்மைக் கூத்தாக ஆடப்படுகிறது. 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்தைய இரவு, வீரர்களுக்கு ஊக்கமூட்ட எந்தக் கதையைப் படிப்பது என்ற பேச்சில் ஹம்ஸாவின் பெயரும் அடிபட்டதாக மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. தமிழ் முஸ்லிம்களின் கிஸ்ஸாக்களும் படைப்போர் நூல்களும் இந்தப் பெரிய கதைக் குடும்பத்தின் உறவினர்களே.

இந்தியாவில் இந்தக் கலைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர் அக்பர். 1564இல் யானை வேட்டைக்குப் போன இடத்தில், வேட்டை முடிந்ததும் தர்பார் கான் என்ற கதைசொல்லியை அழைத்து ஹம்ஸா கதை கேட்டார் என்று அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் எழுதுகிறார். கேட்டதோடு நிற்காமல் அதை ஓவியமாகவும் தீட்டச் சொன்னார். பாரசீகத்திலிருந்து வந்த மீர் சையித் அலியும் அப்துஸ் ஸமதும் அடுத்தடுத்துத் தலைமையேற்க, ஏறத்தாழ பதினைந்து ஆண்டு உழைப்பில் 1,400 ஓவியங்கள் உருவாயின. துணியில் தீட்டிய பெரிய ஓவியங்கள் அவை. ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் உயரம் வரும். ஒரு பக்கம் ஓவியம், மறு பக்கம் கதை. ஓவியத்தை அவைக்குக் காட்டிப் பின்னாலிருந்து கதையைப் படிப்பதற்கான ஏற்பாடு இது என்று கலை வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். இன்று எஞ்சியிருப்பவை சுமார் இருநூறு. பெரிய பங்கு வியன்னாவில் இருக்கிறது.

அக்பரின் மகன் ஜஹாங்கீர் காலத்தில் ஈரானிலிருந்து வந்த ஃபக்ருஸ் ஸமானி கஸ்வீனி, கதைசொல்லிகளுக்கென்றே ‘திராஸுல் அக்பார்’ என்ற கையேட்டை எழுதினார். போர், அவைக்களம், காதல், தந்திரம் என நான்கு வகைக் கட்டங்களுக்கு வேண்டிய உரைநடைத் துண்டுகளையும் செய்யுள்களையும் அது தொகுத்துத் தருகிறது. கதைசொல்லி கதையை மனப்பாடம் செய்வதில்லை, துண்டுகளை மனத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் உருவுகிறார் என்பது இந்தக் கையேட்டால் விளங்குகிறது. உருதுக்கு வந்தபின் இந்த நான்கோடு திலிஸ்ம் என்ற மாய உலகம் சேர்ந்துகொண்டு, மற்றவற்றையெல்லாம் விழுங்கிவிடும் அளவுக்குப் பெருத்தது. சூனியக்காரன் படைத்த உலகம் அது. அங்கே ஆறு நெருப்பாக ஓடும், பதுமைகள் போர் செய்யும். அதை உடைக்கும் வழி பொறித்த பலகை எங்கோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். விக்கிரமாதித்தன் கதையில் பழகியவர்களுக்கு இந்த இடம் அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் தாஸ்தானின் உயிர் கதைப்பின்னலில் இல்லை. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க முடிகிறது என்பதில்தான் கைத்திறமை. கதையைத் தடுத்து நிறுத்துவது என்றே இதற்கு ஒரு பேச்சு வழக்கு உண்டு. காதலனும் காதலியும் திரைச்சீலைக்கு இருபுறமும் நிற்க, திரையை விலக்க வேண்டிய அந்த ஒரு கணத்தைத் தேர்ந்த கதைசொல்லி ஒருவர் நாள்கணக்கில் வர்ணித்துக்கொண்டே போனதாக லக்னோவில் ஒரு கதை வழங்கியது. போர்க்களம் வந்தால் வாள், ஈட்டி, வில் வகைகள். விருந்து வந்தால் புலாவ், கபாப் வகைகள். இளவரசி வந்தால் தலை முதல் கால் வரை நகைகள். பட்டியல் நீள நீளப் பாராட்டும் நீண்டது. அடுத்து என்ன என்று பறக்கும் இன்றைய வாசகருக்கு இது அலுப்பாகத் தோன்றலாம். ஆலாபனைக்கு நேரம் ஒதுக்கும் சங்கீத ரசிகருக்கு அப்படித் தோன்றாது.

18ஆம் நூற்றாண்டில், முகலாய மன்னர் முகம்மது ஷா ஆண்ட தில்லியில், ஹம்ஸாவுக்குப் போட்டியாக ஒரு புதுக் கதையும் கிளம்பியது. குஜராத்திலிருந்து வந்த மீர் தகீ கயால் என்பவர் கதை சபை ஒன்றில் ஏளனத்துக்கு ஆளாகி, அந்த ரோஷத்தில் ‘போஸ்தானே கயால்’ என்ற பாரசீகக் கதையைப் பல தொகுதிகளாக எழுதித் தள்ளினார் என்பார்கள். அதைப் பின்னாளில் தில்லி க்வாஜா அமான் உருதுவில் பெயர்த்தபோது முன்னுரை எழுதியவர் கவிஞர் மிர்ஸா காலிப். காலிப் தீராத தாஸ்தான் பிரியர். மழை நாளில் கையில் ஹம்ஸா கதை, அருகே மதுப் புட்டிகள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற தோரணையில் நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று உருது வாசகர்களிடையே பிரசித்தம்.

செங்கோட்டைக்குள் கதைசொல்லிக்குச் சம்பளம். வெளியே ஜும்மா மசூதிப் படிக்கட்டு. சையித் அகமது கான் 1847இல் வெளியிட்ட ‘ஆஸாருஸ் ஸனாதீத்’ நூல் அந்தக் காட்சியைப் பதிந்து வைத்திருக்கிறது. பிற்பகலானால் வடக்கு வாசல் படிகளில் ஒரு கதைசொல்லி மோடா போட்டு அமர்ந்து ஹம்ஸா கதையைத் தொடங்குவார். இன்னொரு பக்கம் ஹாதிம் தாய் கதை நடக்கும், வேறொரு பக்கம் போஸ்தானே கயால். நூற்றுக்கணக்கானோர் கூடுவார்கள். கபாப் கடைக்காரரும் வித்தை காட்டுபவரும் அதே படிகளில் வியாபாரம் பார்த்தார்கள். அரண்மனையில் கேட்ட கதையும் தெருவில் கேட்ட கதையும் ஒன்றே. அங்கே பணப்பை, இங்கே சில்லறை.

1857 கிளர்ச்சி இதைக் கலைத்துப் போட்டது. செப்டம்பரில் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் குடிமக்களை வெளியேற்றினார்கள், மசூதியைக் கைப்பற்றி 1862 வரை தொழுகைக்கு விடவில்லை, கோட்டைக்கும் மசூதிக்கும் இடையே இருந்த கடைவீதிகளையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கதைசொல்லிகள் ராம்பூருக்கும் ஹைதராபாத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். தாஸ்தான்கோயி என்ற இந்தக் கலை 1857இல் செத்தது என்று எழுதுபவர்கள் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. தொழில் இடம்தான் மாறியது. லக்னோவில் அதன் கொழுத்த காலமே இனிமேல்தான் வரவிருந்தது.

அங்கே முன்ஷி நவல் கிஷோர் என்ற அச்சகத்தார் கதைசொல்லிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். முகம்மது ஹுசைன் ஜாஹ், அகமது ஹுசைன் கமர், தசத்துக் ஹுசைன் முதலியோர் கைவண்ணத்தில் 1880களில் தொடங்கி 1917 வரை ஹம்ஸா கதை 46 தொகுதிகளாக வந்தது. பல தொகுதிகள் ஆயிரம் பக்கத்தைத் தொடும். அவற்றுள் ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ என்ற பகுதிதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வாசிக்கப்பட்டது. ஒரு வாய்மொழிக் கதை இத்தனை பக்கம் அச்சேறியதற்கு உலகில் வேறு உதாரணம் தேடுவது கடினம். ஆனால் அச்சு கதையைக் காப்பாற்றியதே தவிரக் கதைசொல்லியைக் காப்பாற்றவில்லை. சலிப்புத் தட்டினால் பக்கத்தைப் புரட்டிவிடும் வசதி வாசகருக்குக் கிடைத்துவிட்டது. திரைச்சீலைக்கு முன் நாள்கணக்கில் அவரை நிறுத்தி வைக்க இனி யாராலும் முடியாது.

தில்லியின் கடைசித் தாஸ்தான்கோவாக நினைவுகூரப்படுபவர் மீர் பாகர் அலி. இவருடைய தாத்தா மீர் அமீர் அலி செங்கோட்டை அவையில் கதை சொன்னவர். தொழிலைக் கற்பித்த தாய்மாமன் மீர் காஸிம் அலி பிழைப்புக்காக ஹைதராபாத் போனவர். பாகர் அலிக்குச் சில காலம் பாட்டியாலா மகாராஜாவின் ஆதரவு கிடைத்தது. ஆள் ஒல்லி, சிறிய உருவம். ஆனால் அரசனைச் சொல்லும்போது அரசனாகவும் கிழவியைச் சொல்லும்போது பொக்கைவாய்க் கிழவியாகவும் ஆகிவிடுவார் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். கதை தொடங்குமுன் பஞ்சில் பொதிந்த அபினை வெள்ளிக் கிண்ணத்தில் கரைத்து ஒரு மிடறு குடிப்பது வழக்கம். கதையில் மருத்துவம் வருகிறதே, அதைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டாமா என்று வயதான காலத்தில் யூனானி வகுப்புக்குப் போய் மாணவர்களோடு உட்கார்ந்தவர் அவர்.

செல்வர் வீட்டு அழைப்புகள் குறைந்தபோது வீட்டிலேயே சபை கூட்டி அணாக் கணக்கில் கட்டணம் வாங்கினார். அதுவும் போதாமல் சீவிய பாக்கைத் தெருத்தெருவாக விற்றார். தில்லிக்காரர்களுக்கு வெற்றிலை போடும் முறையே மறந்துவிட்டது, அதைக் கற்றுக்கொடுக்கத்தான் இந்த வியாபாரம் என்பது கேட்டவர்களுக்கு அவர் சொன்ன சமாதானம். 1920இல் ஆங்கில அரசின் மொழி ஆய்வுக்காக அவர் குரல் கிராமபோன் தட்டில் பதிவானது. இரவிரவாகப் பேசியவருக்கு அதில் கிடைத்தது சில நிமிடம். 1928இல் இறந்தார். முதல் இந்திப் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ 1931இல்தான் வந்தது. எனவே பேசும்படம் வந்து இந்தக் கலையைக் கொன்றது என்ற வழக்கமான விளக்கம் தில்லிக்குப் பொருந்தாது. இரவு முழுவதும் உட்கார்ந்து கேட்க ஓய்வுள்ள வீடுகள் அதற்கு முன்பே இல்லாமல் போயிருந்தன.

அடுத்த முக்கால் நூற்றாண்டு தாஸ்தான் ஏடுகளில்தான் கிடந்தது. உருது விமர்சகர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி சிதறிக் கிடந்த 46 தொகுதிகளையும் தேடிச் சேர்த்து, 1999 முதல் அவற்றைப் பற்றி விரிவான ஆய்வு நூல்களை எழுதினார். நாவலின் அளவுகோலால் தாஸ்தானை அளக்கக் கூடாது, அது காதுக்காகப் பிறந்த வடிவம் என்பது அவர் வாதம். அவருடைய உறவினர் மஹ்மூத் ஃபாரூக்கி 2005 மே மாதம் தில்லி இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் ஹோஷ்ருபா பகுதிகளை மேடையேற்றினார். வெள்ளை அங்கி, தொப்பி, திண்டு, பக்கத்தில் மெழுகுவர்த்தி என்று இன்று எல்லோருக்கும் பழக்கமான தோற்றம் அன்று உருவானது. பழைய நாளில் ஒருவரே சொன்ன கதையை இங்கே இருவர் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். இது முழுக்கப் புதிய ஏற்பாடு.

பிறகு தேசப் பிரிவினை, உருது எழுத்தாளர் மண்டோவின் வாழ்க்கை போன்ற புதுப் பொருள்களிலும் தாஸ்தான்கள் எழுதப்பட்டன. ஆண்களே ஆண்ட இந்தத் தொழிலில் பழைய தில்லியைச் சேர்ந்த ஃபௌஸியா 2006 முதல் கதை சொல்லி, பெயரோடு தாஸ்தான்கோ என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். பழைய தில்லிப் பெண்களின் வீட்டுப் பேச்சு வழக்கு அவர் வழியாக மேடை ஏறியது. இந்தப் புதிய தாஸ்தான்கோக்களும் ஊர் ஊராகப் போகிறார்கள். நவாபுக்குப் பதில் இலக்கிய விழாக்களும் கல்லூரிகளும் அழைக்கின்றன. கதை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நாள்கணக்கில் விலகாமல் நின்ற அந்தத் திரைச்சீலையை இந்தச் சபைகளில் உடனே விலக்கியாக வேண்டும்.