தந்தியைத் தட்டியவர்கள்

கீழக்குயில்குடி திருவிழா மேடையானாலும் மதுரை மண்டபக் கச்சேரியானாலும் பாஸ் கிட்டார்காரருக்கு இடம் டிரம்ஸ் பக்கத்தில்தான். ஒரு நேரத்துக்கு ஒரு ஸ்வரம் வாசிப்பார். பல ஸ்வரங்களைச் சேர்த்துக் கார்டு பிடிப்பது கீபோர்டின் வேலை. அதே பாஸில் இரண்டு கைகளாலும் தட்டிக் கார்டு வாசிக்கும் வித்தை உண்டு. அது பாஸில் பிறக்கவில்லை, கிட்டாரிலிருந்து வந்து சேர்ந்தது.

தந்தியை மீட்டாமல் விரல்நுனியால் ஃப்ரெட் மேல் அடித்தால் எழும் ஒலி சன்னமானது. பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும் வந்த பிறகே அது சபைக்குக் கேட்டது. இதைத் தொடக்கத்திலேயே வாசித்துக் காட்டிய ஹாரி டிஆர்மண்ட், பிக்கப் செய்து விற்றவர். அவர் வழியில் வந்த ஜிம்மி வெப்ஸ்டர், கிரெட்ஷ் கம்பெனிக்காரர், 1952-இல் பாடப்புத்தகமே போட்டார். எம்மெட் சாப்மன் 1974-இல் தட்டுவதற்கென்றே 'ஸ்டிக்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1978-இல் ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன் தட்டியபோதுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது. எனக்கு அது வாணவேடிக்கைதான்: வேகம் இருந்தது, கார்டு இல்லை.

பாஸில் கார்டைக் கேட்க வைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்டூவர்ட் ஹாம். 1988-இல் பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா'வைத் தனி பாஸிலேயே பதிவு செய்தார். 1996-இல் விக்டர் வூட்டன் தனி பாஸை நம்பி ஒரு முழு ஆல்பமே போட்டார்.

தமிழ்ச் சினிமா பாஸ் வேறு வழியில் போனது. இளையராஜாவிடம் சசிதரனும் ரஹ்மானிடம் கீத் பீட்டர்ஸும் வாசித்த பாஸ், பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடும். அங்கே கார்டு இல்லாததை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

இனி, பாஸில் கார்டைத் தட்டும் முறை. கீழ் ஸ்தாயியில் ஸ்வரங்களை நெருக்கி வைத்தால் ஒலி கலங்கிவிடும். அதனால் மூல ஸ்வரத்தை இடது கை கீழே தட்டும்; மற்றவை வலது கைக்கு, மேலே. ஜி7 கார்டு வேண்டுமா? இடது கை நான்காம் தந்தி மூன்றாம் ஃப்ரெட். வலது கை இரண்டாம் தந்தியில் ஒன்பது, முதல் தந்தியில் பத்து. ஐந்தாம் ஸ்வரத்தை விட்டுவிடலாம், யாரும் தேடமாட்டார்கள். சும்மா இருக்கும் தந்திகள் முனகாமலிருக்க, ஹெட் பக்கம் முதல் ஃப்ரெட்டுக்கு முன்னால் தலைமுடி ரப்பர் பேண்டு ஒன்றைச் சுற்றிக்கொள்வார்கள். அடுத்து சி7: இடது கை அதே ஃப்ரெட்டில் மூன்றாம் தந்திக்குத் தாவ, வலது கை ஒரே ஒரு ஃப்ரெட் இறங்கினால் போதும்.