சில்லினுள் உறைந்த எழுத்து

1938ஆம் ஆண்டு நாசி ஜேர்மனியிலிருந்து தம் குடும்பத்துடன் தப்பி அமெரிக்காவை அடைந்த யூத இளைஞர் றால்ஃப் பேயர். நாற்பது ஆண்டுகளின் பின், 1978இல், அவர் ஹவார்ட் மொறிசனுடன் இணைந்து ஆக்கிய 'சைமன்' என்னும் விளையாட்டுக் கருவி வெளிவந்தது. நான்கு வண்ண விளக்குகள் ஒளிரும் ஒழுங்கை நினைவில் இருத்தி, அவ்வாறே அழுத்துவதுதான் ஆட்டம்.

அதனை இயக்கியது, ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனம் 1974இல் விற்பனைக்கு விட்ட டிஎம்எஸ் 1000 என்னும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லு. கட்டளைகளுக்கென அதிலிருந்த இடம் 1024 பைற், அதாவது 8192 குறிகள் மட்டுமே. அவை தொழிற்சாலையில் சில்லு உருவாகும்போதே பொறிக்கப்பட்டவை. பின்னர் திருத்த இயலாதவை. மூலப்பிரதி தொலைந்தாலும் சில்லு அவற்றைச் சுமந்திருக்கும்.

பழங்கருவிகளைப் பேணும் ஆர்வலர்கள் அவ்வெழுத்தை மீட்டனர். மேலுறையைச் சூடான நைத்திரிக் அமிலத்தாற் கரைத்து, உள்ளிருக்கும் சிலிக்கன் தகட்டை நுணுக்குக்காட்டியின் கீழ்ப் படம்பிடிப்பர். கோடுகள் சந்திக்கும் இடந்தோறும் திரான்சிஸ்டர் உண்டா, இல்லையா என நோக்கி, ஒன்று அல்லது பூச்சியம் எனக் குறிப்பர். குறிகள் வாசிக்கும் வரிசையில் அமைந்திரா; சில்லின் அமைப்பை அறிந்தே அவற்றை ஒழுங்குபடுத்தல் வேண்டும். ஒரு குறி பிழைத்தாலும் ஆட்டம் குழம்பக்கூடும். அமிலம் பட்ட சில்லு பெரும்பாலும் மீள இயங்காது. ஆயினும், அதன் கட்டளைகள் இன்று 'மேம்' என்னும் மென்பொருளில் உயிர்பெற்றுள்ளன.

பேயர் 2006இல் தம் மாதிரிக் கருவிகளையும் குறிப்புகளையும் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கினார், 2014இல் மறைந்தார். ஊரிழந்து வந்தவர் எழுத்தைப் பேணினார். நம் வீடுகளிலும் உறுதி, கடிதம், நிழற்படம் என ஒற்றைப் பிரதியாய் இருப்பவற்றுக்கு இன்றே மறுபிரதி எடுத்துவைப்போம்.