தாராபுரம் கண்ட சமாதானங்கள்

திருப்பூருக்குத் தெற்கே, அமராவதிக் கரையில் இருக்கும் தாராபுரத்தில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1768-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் வுட் அதைப் பிடித்தார். சில மாதங்களிலேயே மைசூரின் ஹைதர் அலி மீட்டார். 1783-ல் மறுபடியும் கம்பெனி, 1784-ல் மறுபடியும் மைசூர். 1790-ல் ஜெனரல் மெடோஸ் வந்தார். அதே ஆண்டு ஹைதரின் மகன் திப்பு சுல்தான் திரும்பி வந்தார். இந்த இடைவெளியில் இரண்டு முறை நட்பும் அமைதியும் நிலைக்கும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியே மலபார், வடக்கே கஜல்ஹட்டி கணவாய் வழியே மைசூர். தாராபுரம் அடங்கிய கொங்குச் சீமையைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு வழிகளும் திறந்திருக்கும், படைக்குத் தானியமும் கிடைக்கும். ஆகவே இதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

முதல் சமாதானம் 1769 ஏப்ரலில், ஹைதரின் குதிரைப்படை சென்னையின் வாசலுக்கே வந்துவிட்ட அச்சத்தில் உருவானது. பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுப்பது, ஒருவரை மற்றவர் தாக்கினால் உதவுவது என்பவை அதன் சாரம். அடுத்த ஆண்டே மராத்தியர் மைசூர்மீது பாய்ந்தார்கள். ஹைதர் உதவி கேட்டார். கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்த வடு ஆறவில்லை. 1780-ல் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார்.

இரண்டாம் சமாதானத்தின் கதை இன்னும் சிக்கலானது. 1783 நவம்பரில் கர்னல் ஃபுல்லர்டன் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் பிடித்துவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிக் கிளம்பத் தயாராக இருந்தார். அதே நேரத்தில் சென்னை கவர்னர் மக்கார்ட்னி அனுப்பிய தூதர்கள் திப்புவிடம் பேசுவதற்காக மங்களூர் போய்க்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் சமரசம் செய்துகொண்டதால் திப்புவுக்குப் பிரெஞ்சுத் துணை கழன்றுபோயிருந்தது. கம்பெனியின் கஜானாவும் காலி. படையை நிறுத்து, பின்வாங்கு என்று ஃபுல்லர்டனுக்கு உத்தரவு போனது. 1784 மார்ச் 11-ல் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாகி, கொங்கு திப்புவிடம் திரும்பியது. கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே கம்பெனிக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாதபோது எதிராளி எதை நம்புவது? திப்பு எல்லாக் கைதிகளையும் விடுவிக்கவில்லை என்று ஆங்கிலேயரும் குறைபட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1790-ல் மூன்றாம் மைசூர்ப் போர். 1791-ல் கோயம்புத்தூர்க் கோட்டையைக் கம்பெனியின் லெப்டினன்ட் சால்மர்ஸ் மாதக்கணக்கில் காத்து நின்றார். நவம்பரில், பாலக்காட்டுக்குப் போக விடுவோம் என்ற வாக்கின்பேரில் சரணடைந்தார். திப்பு அந்த வாக்கை ஏற்காமல் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறைவைத்தார். 1792 பிப்ரவரியில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை தலைநகரை வளைத்துக்கொண்டபோது, சமாதானக் கடிதத்தைக் கொண்டுபோகத் திப்பு தேர்ந்தெடுத்ததும் இதே சால்மர்ஸைத்தான்.

கடிதம் போய்ச் சேர்ந்தும் பிணக்கு தீரவில்லை. பூர்வாங்க ஒப்பந்தம் முடிந்த பிறகு கம்பெனி குடகையும் கேட்டது. அது கம்பெனியின் எல்லையை ஒட்டிய நாடு இல்லையே என்று திப்பு கொதித்தார். பீரங்கிகள் மறுபடியும் தயாராயின. கடைசியில் மார்ச் 18-ல் உடன்படிக்கை முடிந்தது. பாதி ராஜ்யம் போனது, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது, இரண்டு மகன்கள் பிணையாகச் சென்றார்கள். திண்டுக்கல், சேலம், மலபார் எல்லாம் கம்பெனிக்கு. நடுவில் கோயம்புத்தூரும் தாராபுரமும் திப்புவுக்கு. மூன்று பக்கமும் பகைவர் சூழ்ந்த அந்த எல்லைக்கோட்டைப் பார்த்தாலே அடுத்த போர் தெரிந்திருக்கும். தாராபுரம் கோட்டை அந்த ஆண்டில்தான் இடிக்கப்பட்டது.

1799 மே 4-ல் திப்பு போர்க்களத்தில் இறந்தார். ஜூன் 22-ல் மைசூரைப் பங்கிட்ட உடன்படிக்கையில் கோயம்புத்தூரும் தாராபுரமும் கம்பெனியின் பங்கில் சேர்ந்தன. இம்முறை மீறுவதற்கு எதிர்த்தரப்பே இல்லை.

ஆனால் இந்தச் சமாதானப் பேச்சுகள் எதிலும் பாளையக்காரர்களுக்கு இடமில்லை. காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரி, அதாவது தீரன் சின்னமலை, திப்புவோடு சேர்ந்து நின்றவர். எஜமானர் மாறியதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1800 ஜூன் 3-ல் கோயம்புத்தூர்க் கோட்டைமீது கிளர்ச்சிக்காரர்கள் நடத்திய தாக்குதல் தோற்றது. கிளர்ச்சியில் முன்னின்ற விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். காவிரிக்கரை, ஓடாநிலை, அரச்சலூர் என்று சின்னமலையின் சண்டை மேலும் நீண்டது.

முதல் மூன்று உடன்படிக்கைகளும் களைத்துப்போனவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ள வாங்கிய தவணைகள். நான்காவது, தோற்றவரின் சாவில் முளைத்தது. மண்ணின் ஆட்களைக் கேட்காததால் அதற்கும் ஆறு ஆண்டுகள் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. 1805 ஜூலை 31-ல் சங்ககிரிக் கோட்டையில் சின்னமலையைத் தூக்கிலிட்ட பிறகே கொங்கில் கம்பெனிக்கு எதிரான போர் ஓய்ந்தது.